‘மோபி டிக்’ நாவலில் மதக் குறியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலைக் கையில் எடுப்பவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒன்று, திமிங்கிலத்தின் தலை, வால், கொழுப்பு, எலும்பு என்று நீளும் அத்தியாயங்கள். இன்னொன்று, பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கும் பைபிள். இங்கே பேசப்போவது இரண்டாவதைப் பற்றி. பெயர்களைத் தமிழ் பைபிளில் வழங்கும் வடிவிலேயே எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்க எளிதாக இருக்கும்.

கதையே தெரியாது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவிலிருந்து ‘பீக்வாட்’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் கிறிஸ்துமஸ் நாளன்று புறப்படுகிறது. கதை சொல்பவன் இஸ்மவேல்; பள்ளி ஆசிரியனாக இருந்து மாலுமியானவன். கேப்டன் ஆகாப் முந்தைய பயணத்தில் மோபி டிக் என்ற வெள்ளைத் திமிங்கிலத்திடம் ஒரு காலை இழந்தவர். எண்ணெய் நிரப்பிக்கொண்டு திரும்ப வேண்டிய கப்பலை அவர் பழிதீர்க்கும் கப்பலாக மாற்றிவிடுகிறார். கடைசியில் மூன்று நாள் துரத்தல். மூன்றாம் நாள் திமிங்கிலம் கப்பலை முட்டி மூழ்கடிக்கிறது. இஸ்மவேல் ஒருவன் மட்டும் பிழைக்கிறான்.

முடிவு வெறும் கற்பனை அல்ல. 1820இல் ‘எஸ்ஸெக்ஸ்’ என்ற நான்டக்கெட் கப்பலைப் பசிபிக் கடலில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் உண்மையிலேயே முட்டி மூழ்கடித்தது.

மெல்வில் பக்திமானா, நாத்திகரா?

இரண்டு கட்சிக்காரர்களும் அவரைத் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டார்கள், அவர் போகவில்லை. 1819இல் நியூயார்க்கில் பிறந்து, தாயின் டச்சுச் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர். எது நடக்க வேண்டும் என்பதைக் கடவுள் ஆதியிலேயே முடிவு செய்துவிட்டார் என்று போதித்த கால்வினிய மரபு அது. 1841இல் திமிங்கிலக் கப்பலில் ஏறி, மறு ஆண்டு மார்க்கேசாஸ் தீவுகளில் கப்பலை விட்டு ஓடி, அங்கிருந்த மக்களோடு சில காலம் வாழ்ந்தார். திரும்பி வந்து எழுதிய முதல் நூலில் பசிபிக் தீவுகளின் மிஷனரிகளைக் கடுமையாக விமர்சித்து வம்பில் மாட்டிக்கொண்டார்.

‘மோபி டிக்’ வெளிவந்த கையோடு, அதைத் தான் காணிக்கையாக்கியிருந்த எழுத்தாளர் நத்தானியேல் ஹாதோர்னுக்கு ஒரு கடிதம் எழுதினார்: ஒரு பொல்லாத புத்தகத்தை எழுதிவிட்டேன், ஆனாலும் ஆட்டுக்குட்டியைப் போல மாசற்றவனாக உணர்கிறேன் என்று. 1856இல் இங்கிலாந்தில் இருவரும் சந்தித்தார்கள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை, இதுதான் இவர் நிலை என்று ஹாதோர்ன் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். இதைவிடச் சரியாக யாரும் மெல்விலைப் பற்றிச் சொன்னதில்லை.

கதைசொல்லிக்கு ஏன் இஸ்மவேல் என்ற பெயர்?

ஆதியாகமத்தில் ஆபிரகாமுக்கும் பணிப்பெண் ஆகாருக்கும் பிறந்த மகன் இஸ்மவேல். ஆபிரகாமின் மனைவி சாராளுக்குப் பிள்ளை பிறந்தபின் ஆகாரும் இஸ்மவேலும் கொஞ்சம் அப்பத்தோடும் ஒரு துருத்தித் தண்ணீரோடும் வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன், யாரோடும் ஒட்டாதவன் என்பதே பைபிள் வாசகர் மனத்தில் அந்தப் பெயருக்கு இருந்த நிறம். நாவலின் இஸ்மவேலும் அப்படித்தான்: கையில் காசில்லை, மனத்தில் பாரம், கரையில் இருக்கப் பிடிக்காமல் கடலுக்குப் போகிறான். மெல்வில் வனாந்தரத்தைத் தண்ணீராக மாற்றிவிட்டார்.

தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாக ஒலிக்கும். இஸ்லாத்தில் இஸ்மாயில் மதிப்புக்குரிய நபி, புறக்கணிக்கப்பட்டவர் அல்ல. மெல்வில் ஆங்கில பைபிளின் வழியில் நிற்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கலாம். ஆனால் வனாந்தரத்தில் தாகத்தால் சாகக் கிடந்த பிள்ளைக்கு இறைவன் தண்ணீர் காட்டினான் என்பது இரு மரபுக்கும் பொது. நாவலின் கடைசிப் பக்கத்தில் அது மறுபடியும் நடக்கிறது.

ஆகாப் என்ற பெயரை ஒரு தாய் தன் பிள்ளைக்கு வைப்பாளா?

நாவலில் இஸ்மவேலுக்கும் இதே சந்தேகம் வருகிறது. இஸ்ரவேலின் ராஜாக்களில் படுமோசமானவன் என்று பெயர் எடுத்தவன் ஆகாப். மனைவி யேசபேலோடு சேர்ந்து பாகால் என்ற வேற்றுத் தெய்வத்தை வணங்கியவன். நாபோத் தன் திராட்சைத் தோட்டத்துக்காகக் கொலையுண்டதற்குப் பொறுப்பானவன். அவன் இரத்தத்தை நாய்கள் நக்கவில்லையா என்று இஸ்மவேல் கேட்கிறான். கப்பலின் பங்குதாரர் பேலேகு அவனை அருகில் அழைத்து, அது பைத்தியம் பிடித்த விதவைத் தாய் வைத்த பெயர், அதற்காக அவரைக் குறை சொல்லாதே என்று அடக்குகிறார். அந்தப் பெயர் பலித்தே தீரும் என்று ஒரு பூர்வகுடிக் கிழவி சொன்னதாகவும் சேர்த்துக்கொள்கிறார்.

பெயர்ப் பொருத்தத்தோடு விஷயம் முடிவதில்லை. 1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தில், போருக்குப் போனால் வெற்றி என்று தீர்க்கதரிசிகள் ஆகாபுக்கு உறுதி சொல்கிறார்கள். அவர்கள் வாயில் பொய்யின் ஆவி புகுந்திருக்கிறது என்று மிகாயா எச்சரிக்கிறான். ராஜா கேட்கவில்லை. வேடம் மாறிப் போகிறான். யாரோ குறிவைக்காமல் எய்த அம்பு பட்டுச் சாகிறான். நாவலில் அந்தப் பொய் ஆவியின் இடத்தில், ஆகாபோடு கப்பலில் வரும் பார்சியான ஃபெடல்லா இருக்கிறான். கடலில் இரண்டு பிண வண்டிகளைப் பார்க்காமல் நீ சாக மாட்டாய், சணல் கயிறு மட்டுமே உன்னைக் கொல்லும் என்கிறான். கடலில் பிண வண்டி எப்படி வரும், கயிறு என்றால் தூக்குமரம்தானே என்று ஆகாப் சிரிக்கிறார். திமிங்கிலத்தின் உடலில் கட்டுண்ட ஃபெடல்லாவின் பிணமும், மூழ்கும் பீக்வாட்டும்தான் அந்த இரண்டு வண்டிகள். ஈட்டியின் கயிறு ஆகாபின் கழுத்தில் சுற்றி அவரைக் கடலுக்குள் இழுத்துவிடுகிறது. வாக்கு ஒவ்வொன்றும் உண்மையாயிற்று. அவற்றை நம்பியதுதான் அழிவு.

ஒரு எச்சரிக்கை. இத்தனை பொருத்தத்தைப் பார்த்துவிட்டு ‘ஆகாப் என்றால் கெட்டவன்’ என்று கணக்கை முடித்துவிடாதீர்கள். தெய்வபக்தியில்லாத, தெய்வத்தைப் போன்ற மனிதர் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறார் பேலேகு. முதன்முறை தளத்தில் தோன்றும்போது ஆகாபின் முகத்தில் ஒரு சிலுவைப்பாடு தெரிந்தது என்று எழுதுகிறான் இஸ்மவேல். பாகாலின் அடியாருக்குக் கிறிஸ்துவின் முகம்.

மேப்பிள் பாதிரியாரின் யோனா பிரசங்கத்துக்கு ஏன் இவ்வளவு இடம்?

கப்பல் புறப்படுவதற்கு முன் நியூ பெட்ஃபோர்டு தேவாலயத்தில் நடக்கும் பிரசங்கம் இது. 8ஆம் அத்தியாயம் முழுவதும் பிரசங்க மேடைக்கே போகிறது: மேடை கப்பலின் முகப்பு வடிவில் இருக்கிறது, பாதிரியார் கயிற்றேணியில் ஏறி, ஏணியையும் மேலே இழுத்துக்கொள்கிறார். (அந்த ஊர் மாலுமிகள் ஆலயத்தில் உண்மையில் அப்படி மேடை எதுவும் இருந்ததில்லை. 1956இல் படம் வந்தபின் பார்க்க வந்தவர்கள் மேடை எங்கே, மேடை எங்கே என்று கேட்கவே, 1961இல் ஒன்றைச் செய்து வைத்தார்கள். கதை கட்டிடத்தை மாற்றிய அபூர்வமான இடம்.)

பிரசங்கத்தின் சாரம்: நினிவேக்குப் போ என்றார் கடவுள்; யோனா யோப்பாவில் கப்பலேறித் தர்ஷீசுக்கு ஓடினான்; புயல், கடலில் எறியப்பட்டான், பெரிய மீன் விழுங்கியது; மீனின் வயிற்றில் மனம் திரும்பினான். கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டுமானால் நமக்கு நாமே கீழ்ப்படியாமல் போக வேண்டும் என்கிறார் மேப்பிள். ஆகாபின் வாழ்க்கைக்கு இதைவிட நேரான கண்டனம் கிடையாது என்று பாடநூல்கள் எழுதும். சரிதான். ஆனால் பிரசங்கத்தின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: உலகத்தின் ஆணவம் பிடித்த தெய்வங்களுக்கும் தளபதிகளுக்கும் எதிரே வளையாத தன் சுயத்தோடு நிற்பவனே பாக்கியவான் என்று முடிக்கிறார். இது ஆகாபின் சபதத்தைப் போலவே ஒலிக்கிறது. ஒரே பிரசங்கம் அவரைக் கண்டித்துவிட்டு அவருக்கு வசனமும் எழுதிக் கொடுக்கிறது.

இன்னொன்று, மேப்பிள் விட்டுவிட்ட பகுதி. யோனாவின் புத்தகத்தில் நான்கு அதிகாரங்கள். மூன்றாவதின் முடிவில் நினிவே மன்னிக்கப்படுகிறது; நான்காவதில், ஏன் மன்னித்தீர் என்று யோனா கோபித்துக்கொள்கிறான்; ஒரு செடியை வைத்துக் கடவுள் அவனுக்கு இரக்கத்தைக் கற்றுத்தருகிறார். மேப்பிள் இதைத் தொடவே இல்லை. இரக்கம் இல்லாமல் முடிந்த பிரசங்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் இஸ்மவேல் கப்பல் ஏறுகிறான்.

64ஆம் அத்தியாயத்தில் இன்னொரு பிரசங்கம் உண்டு. கப்பலின் கறுப்பினச் சமையல்காரர் ஃபிளீஸ், கப்பலோரம் திமிங்கிலத்தைக் கிழித்துத் தின்னும் சுறாக்களுக்கு உபதேசம் செய்கிறார்: உள்ளிருக்கும் சுறாவை அடக்கி ஆண்டால் நீங்களும் தேவதூதர்களே என்று. அவர் பேச்சைக் கொச்சைப்படுத்தி எழுதியிருக்கும் விதம் இன்று படிக்கச் சங்கடமானது. பிரசங்கம் என்னவோ மேப்பிளுடையதைவிட நேர்மையானது.

வெள்ளைத் திமிங்கிலம் கடவுளா, சாத்தானா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நாவலுக்குள் இருப்பவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், ஆளுக்கொரு பதிலோடு.

ஆகாபுக்கு அது ஒரு சுவர். கண்ணில் படும் பொருள்களெல்லாம் அட்டை முகமூடிகள், பின்னால் ஏதோ ஒன்று திட்டமிட்டு நம்மை அடிக்கிறது, முகமூடியைக் குத்திக் கிழித்தால்தான் அதை அடைய முடியும் என்கிறார் 36ஆம் அத்தியாயத்தில். அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஸ்டார்பக் பதறுகிறார்: அது வாயில்லாப் பிராணி, இயல்பூக்கத்தால் கடித்தது, அதன்மேல் கோபப்படுவதே தெய்வநிந்தனை. வழியில் சந்திக்கும் ‘யெரொபெயாம்’ கப்பலில் தன்னைக் காபிரியேல் தூதன் என்று அறிவித்துக்கொண்ட ஒருவன் இருக்கிறான். அவனுக்கு மோபி டிக் அவதாரமெடுத்த கடவுளேதான்.

பைபிளும் ஒரே பதில் தருவதில்லை. யோபு 41ஆம் அதிகாரம், ‘லிவியாதானைத் தூண்டிலினால் பிடிக்கக்கூடுமோ?’ என்று கேட்கிறது. அங்கே லிவியாதான் கடவுளின் படைப்பு, அவர் பெருமைப்பட்டுக்கொள்ளும் பிராணி. ஏசாயா 27இலோ அதே லிவியாதானைக் கர்த்தர் பட்டயத்தால் தண்டிப்பார். மெல்வில் இந்த இரண்டு அதிகாரங்களின் வரிகளையும் நாவலின் முகப்பிலுள்ள மேற்கோள் தொகுப்பில் சேர்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

என் பதிலுக்கு ஆதாரம் 99ஆம் அத்தியாயம். திமிங்கிலத்தை முதலில் காண்பவனுக்குப் பரிசு என்று ஆகாப் நடு மரத்தில் ஆணியடித்து வைத்த ஈக்வடார் பொற்காசை ஒவ்வொருவராக வந்து பார்க்கிறார்கள். காசில் மூன்று மலைகள். கோபுரம் நான், எரிமலை நான், சேவல் நான் என்கிறார் ஆகாப். ஸ்டார்பக் அந்த மலைகளில் திரித்துவத்தைக் காண்கிறார். இரண்டாம் அதிகாரி ஸ்டப் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து ராசிபலன் பார்க்கிறான். மூன்றாம் அதிகாரி ஃபிளாஸ்க்குக்கு அது பதினாறு டாலர். சுருட்டு இரண்டு சென்ட் என்றால் 960 சுருட்டு என்று கணக்குப் போடுகிறான் (கணக்குத் தப்பு, 800தான் வரும்). காசில் சூரியன் இருப்பதால் ஃபெடல்லா கும்பிடுகிறான். கடைசியாக, கடலில் தனியே விடப்பட்டுப் புத்தி பேதலித்த சிறுவன் பிப் வந்து, ‘நான் பார்க்கிறேன், நீ பார்க்கிறாய், அவன் பார்க்கிறான்’ என்று இலக்கணப் பாடம் ஒப்பிக்கிறான். கப்பலில் தெளிவாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

திமிங்கிலமும் அந்தக் காசுதான். பார்ப்பவனின் மதம் அதில் தெரிகிறது. இஸ்மவேல் எல்லா விளக்கத்தையும் கேட்டுக்கொண்டு எதிலும் இறங்காமல் இருக்கிறான். ஆகாப் ஒரே பொருளைப் பிடித்துக்கொண்டு அதற்காக ஒரு கப்பல் ஆட்களைக் கொல்கிறார். ஆகவே ‘திமிங்கிலம் = கடவுள்’ என்று தேர்வுத்தாளில் எழுதுகிறவர்கள் ஆகாபின் கட்சியில் சேர்கிறார்கள் என்பது என் புகார். மோபி டிக்கை வெறும் உருவகக் கதையாக எடுத்துக்கொண்டால் அது சகிக்க முடியாதது என்று இஸ்மவேலே 45ஆம் அத்தியாயத்தில் சொல்லிவிடுகிறான்.

அது ஏன் வெள்ளையாக இருக்க வேண்டும்?

42ஆம் அத்தியாயம் முழுக்க இதற்குத்தான். வெண்மையின் புனிதங்களை முதலில் அடுக்குகிறான் இஸ்மவேல்: வெளிப்படுத்தின விசேஷத்தில் வெள்ளையங்கி தரித்த இருபத்துநான்கு மூப்பர், பெரிய வெள்ளைச் சிங்காசனம், பெகு நாட்டு அரசர்களின் வெள்ளை யானைப் பட்டம்கூட வருகிறது. பிறகு பக்கத்தைத் திருப்புகிறான்: பிணத்தின் வெளுப்பு, பனிக்கரடி, மூடுபனி. புனிதத்தின் நிறமும் திகிலின் நிறமும் ஒன்றாக இருப்பது ஏன், அது நிறமா அல்லது நிறமே இல்லாமையா என்று கேட்டுவிட்டு விடுகிறான். கடவுள் இல்லாமல் போனால் உலகம் எப்படித் தெரியும் என்ற பயம்தான் அந்த அத்தியாயம் என்று நினைக்கிறேன்.

குவீக்குவெக் விக்கிரகத்தை வணங்குகிறான்; இஸ்மவேலும் சேர்ந்து வணங்குகிறான். இது கேலியா?

சிரித்துக்கொண்டே சொன்ன உண்மை. உடலெங்கும் பச்சை குத்திய பசிபிக் தீவுக்காரன் குவீக்குவெக், யோஜோ என்ற சிறு மரவிக்கிரகத்தை வைத்திருக்கிறான். வழிபாடு என்பது கடவுளின் சித்தத்தைச் செய்வது. பிறர் எனக்கு எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேனோ அதை நான் பிறருக்குச் செய்ய வேண்டும் என்பதே அந்தச் சித்தம். குவீக்குவெக் என் முறைப்படி என்னோடு வழிபட வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆகவே நான் அவன் முறைப்படி வழிபட வேண்டும், அதாவது விக்கிரக ஆராதனைக்காரனாக வேண்டும். இது இஸ்மவேலின் தர்க்கம். சொன்னதோடு நில்லாமல் சுருள்சீவல்களுக்குத் தீ மூட்டி, யோஜோவுக்குச் சுட்ட பிஸ்கட் படைத்து, வணங்கியும் விடுகிறான்.

பத்துக் கட்டளைகளில் இரண்டாவதை மீற இயேசுவின் பொன்விதியையே சாட்சிக்கு அழைப்பது 1851இல் சாதாரணத் துணிச்சல் அல்ல.

ஃபெடல்லா, நெருப்பு, சாத்தான் பெயரில் ஞானஸ்நானம்: இவை எதற்கு?

ஃபெடல்லா பார்சி. ஜொராஸ்டிரிய மதத்தைப் பற்றி மெல்விலுக்கு இருந்த அறிவு மேலோட்டமானது. ‘தீயை வணங்குகிறவன், மர்மமானவன்’ என்ற கீழைத்தேயக் கற்பனையைத் தாண்டவில்லை. பாத்திரமாக அவன் நாவலின் பலவீனம்.

ஆனால் ஆகாப் நடத்தும் சடங்குகள் அபாரம். 36இல் ஈட்டிகளின் குழிவான முனைகளையே கிண்ணமாக்கி மதுவூற்றிக் குடிக்கச் செய்கிறார் ஆகாப், தலைகீழ்த் திருவிருந்து. 113இல் புதிய ஈட்டியைத் தண்ணீரில் தோய்க்காமல் மூன்று ஈட்டிக்காரர்களின் இரத்தத்தில் தோய்த்து, பிதாவின் பெயரால் அல்ல, சாத்தானின் பெயரால் உனக்கு ஞானஸ்நானம் என்று லத்தீனில் முழங்குகிறார். இந்த வரிதான் புத்தகத்தின் இரகசிய முத்திரை வாக்கியம் என்று மெல்வில் ஹாதோர்னுக்கு எழுதினார். அதுவும் பாதியில் நிறுத்தி, மீதியை நீரே ஊகித்துக்கொள்ளும் என்று. 119இல் புயலின்போது பாய்மர உச்சிகளில் மின்னொளி எரிய, உன்னை வணங்கும் சரியான முறை உன்னை எதிர்ப்பதே என்று தீயிடம் கத்துகிறார் ஆகாப். எதிர்த்துக் கத்தவும் எதிரில் ஒருவர் வேண்டும். ஆகாபைப் போலக் கடவுளை நம்புகிறவர் அந்தக் கப்பலில் வேறு யாருமில்லை.

இதில் விஷ்ணுவும் வருகிறாராமே?

வருகிறார், இரண்டு முறை. 55ஆம் அத்தியாயத்தில், உலகின் மிகப் பழைய திமிங்கிலச் சித்திரம் எலிபெண்டா குகையில் மச்சாவதாரமாக இருக்கிறது என்கிறான் இஸ்மவேல். வால் சரியில்லை, மலைப்பாம்பு வால் மாதிரி இருக்கிறது என்று குறையும் சொல்கிறான். மும்பைத் துறைமுகத்துத் தீவில் இருக்கும் எலிபெண்டா சிவனுடைய குகைக்கோயில். அதன் பெருமை மூன்று முகச் சதாசிவன். மெல்வில் இந்தியாவுக்கு வந்ததில்லை.

82ஆம் அத்தியாயத்தில் வேட்டைத் தொழிலின் குலப்பெருமை பேசும்போது பெர்சியஸ், புனித ஜார்ஜ், ஹெர்குலிஸ், யோனா வரிசையில் விஷ்ணுவையும் சங்கத்தில் சேர்க்கிறான். கடலடியில் கிடந்த வேதங்களை மீட்கத் திமிங்கிலமாகி மூழ்கினாரே, அவரும் நம்மவர்தானே என்று. மச்சம் என்றால் மீன் அல்லவா என்று நாம் கேட்கலாம். அதற்கும் 32ஆம் அத்தியாயத்திலேயே பதில் வைத்திருக்கிறான்: திமிங்கிலம் மீன்தான், சாட்சிக்குப் பரிசுத்த யோனாவை அழைக்கிறேன் என்று.

வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. விழுங்கும் மீன் ஒரு மரபில், மீட்கும் மீன் இன்னொரு மரபில். புராணத்தில் பிரளயத்தின்போது ஓடத்தை வாசுகியால் மச்சத்தின் கொம்பில் கட்டுகிறார்கள். அந்தக் கயிறு எல்லோரையும் காப்பாற்றுகிறது. ஆகாபும் கயிற்றால்தான் திமிங்கிலத்தோடு பிணைக்கப்படுகிறார். இந்த ஒப்புமையை மெல்வில் எங்கும் சொல்லவில்லை. மச்சாவதாரக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தானாகவே கண்ணில் படும்.

எல்லாம் விதி என்கிறாரா மெல்வில்?

ஆகாப் அப்படிச் சொல்கிறார். இது கடல் உண்டாவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஒத்திகை பார்க்கப்பட்டது, நான் ஊழின் கீழ் வேலை பார்க்கும் அதிகாரி என்கிறார் 134இல். கால்வினிய முன்குறித்தலின் குரல் இது. ஆனால் அதற்கு இரண்டு அத்தியாயம் முன்புதான் ஸ்டார்பக்கோடு நின்று வீட்டையும் மனைவியையும் நினைத்துக் கண்ணீர் விட்டிருந்தார். திரும்ப முடிந்த கணம் இருந்தது. விதி என்று சொல்வது அவருக்கு வசதியாக இருக்கிறது.

குவேக்கர்களைக் கிண்டல் செய்கிறாரா?

தாராளமாக. நான்டக்கெட் முதலாளிகள் சண்டை வேண்டாம் என்னும் குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவினர். கடலில் கணக்கில்லாமல் இரத்தம் சிந்தவைத்தே பணம் சேர்த்தவர்கள். பூமியிலே பொக்கிஷங்களைச் சேர்த்துவைக்க வேண்டாம் என்ற வசனத்தை வாசித்தபடியே இஸ்மவேலுக்கு லாபத்தில் 777இல் ஒரு பங்கு போதும் என்கிறார் கப்பலின் இன்னொரு பங்குதாரர் பில்தாத். ஓய்வுநாளில் அதிகம் வேட்டையாட வேண்டாம், நல்ல வாய்ப்பு வந்தால் விடவும் வேண்டாம், அது பரலோகத்தின் ஈவைத் தள்ளுவதாகும் என்று வழியனுப்புகிறார். யோபுவைத் தேற்ற வந்து நோகடித்த நண்பர்களில் ஒருவன் பெயரும் பில்தாத்.

கடைசியில் சவப்பெட்டியில் மிதப்பது உயிர்த்தெழுதலா?

காய்ச்சலில் விழுந்த குவீக்குவெக் தனக்கொரு சவப்பெட்டி செய்யச் சொல்கிறான். பிழைத்தபின் தன் உடலின் பச்சைக் கோலங்களை அதன் மூடியில் செதுக்குகிறான். அவை அவன் தீவின் ஞானி ஒருவர் எழுதிய, வானையும் பூமியையும் விளக்கும் முழுத் தத்துவம். அவனுக்கே படிக்கத் தெரியாது. பெட்டி பிறகு உயிர்காக்கும் மிதவையாகிறது. கப்பல் மூழ்கியபின் இஸ்மவேல் அதைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய ஒரு பகலும் இரவும் மிதக்கிறான். கிறிஸ்தவ மாலுமி ஒருவனை யாராலும் வாசிக்க முடியாத வேறொரு மதத்தின் வேதம் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பின்னுரையின் தலைப்பில் யோபுவின் வேலைக்காரர்கள் சொல்லும் வார்த்தை: ‘நான் ஒருவன்மாத்திரம் தப்பி, அதை உமக்கு அறிவிக்கும்படி வந்தேன்.’ அவனைத் தூக்குவது ‘ராகேல்’ என்ற கப்பல். எரேமியாவில் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதல் கொள்ளாத அதே ராகேல். அதன் தலைவர் கடலில் காணாமல்போன தன் மகனைத் தேட உதவுமாறு கெஞ்சியபோது ஆகாப் மறுத்திருந்தார். உயிர்த்தெழுதல் என்று சொல்லலாம்தான். பிள்ளையைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது வேறொரு அனாதை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வெளிவந்தபோது சமயத் தரப்பில் எதிர்ப்பு இருந்ததா?

இருந்தது. 1851 அக்டோபரில் லண்டனில் வந்த பதிப்பில் பைபிளைப் பற்றிய குறும்பான வரிகள் பல வெட்டப்பட்டன. ஆகாபின் முகத்திலிருந்து சிலுவைப்பாடும் போயிற்று. பின்னுரையும் விடுபட்டுப்போனதால், எல்லோரும் செத்துவிட்டால் கதையை யார் சொன்னது என்று அங்கே சில விமர்சகர்கள் கேட்டார்கள். நவம்பரில் வந்த நியூயார்க் பதிப்பில் எல்லாம் இருந்தன. அங்கே சமயப் பத்திரிகைகள் முகம் சுளித்தன.

முழுதும் படிக்க நேரமில்லை. இந்தக் கோணத்தில் எந்த அத்தியாயங்கள்?

7 முதல் 10, 16 முதல் 19, 36, 42, 64, 82, 83, 93, 99, 110, 113, 119, பிறகு 132இலிருந்து முடிவு வரை. 83இல் யோனா கதையை ஒரு கிழட்டு வேட்டைக்காரன் குறுக்குவிசாரணை செய்வது சிரிக்கச் சிரிக்க இருக்கும். 95ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்: திமிங்கிலக் கொழுப்பை நறுக்குபவன் அதன் ஆண்குறித் தோலைப் பாதிரியாரின் அங்கிபோல மாட்டிக்கொண்டு வேலை செய்கிறான், கொழுப்பை பைபிள் தாள்போல மெல்லியதாக நறுக்கு என்று மற்றவர்கள் கத்துகிறார்கள். மாணவர்களை வகுப்பில் உரக்கப் படிக்கச் சொல்வதற்கு முன் ஆசிரியர் அதை ஒருமுறை தனியாகப் படித்துவிடுவது நல்லது.